கண்மட்டத்தில் ஒரு கோடு

தூரத்தைத் தாளில் காட்டச் சொல்லிக்கொடுக்கும் முதல் உதாரணம் எல்லா ஊரிலும் ஒன்றேதான். நேராக ஓடும் சாலை. இரு பக்கமும் ஒரே உயர விளக்குக் கம்பங்கள். போகப்போக எல்லாம் சிறுத்து, அடிவானத்தில் ஒரு புள்ளியில் முடிந்துவிடும். கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். ஆனால் இலங்கையின் ஊவா மலைகளில் இருக்கும் தேயிலைத் தோட்ட ஊரான பூனாகலையில் அப்படி ஒரு சாலை இல்லை. பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதை வளைந்து, ஏறி, மறுபடி இறங்குகிறது. நேராக ஓடும் துண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சமதரையும் அப்படித்தான். கோயில் முற்றம், பாடசாலை மைதானம், வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களம் ஆகியவற்றை விட்டால் மீதியெல்லாம் சரிவு.

இந்த ஊர்ப் பிள்ளை அந்தச் சாலையைக் கொப்பியில் பார்த்து வரைகிறது. பிறகு தன் ஊரை வரையச் சொன்னால், இரண்டு முக்கோண மலை, நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை என்று முடித்துவிடுகிறது. வாசலில் நிற்கும் மலையும், அதில் வரிசை வரிசையாக இறங்கும் தேயிலையும், எதிர்ச் சரிவில் இருக்கும் தொழிலாளர் குடியிருப்பான லயமும் படத்துக்குள் வருவதில்லை. பிள்ளையின் கண்ணில் குறை இல்லை. கண்ணால் கண்டதைத் தாளுக்குக் கொண்டுவரும் வழி அதற்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். பெர்ஸ்பெக்டிவ் என்ற அந்த அடிப்படைக் கணக்கை ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதையும் இந்த மலைச்சரிவை வைத்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கணக்கு பெரியதல்ல. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிலிப்போ புருனெல்லஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சோதனை செய்தார். பேராலயத்துக்கு எதிரே இருந்த திருமுழுக்கு மண்டபத்தை ஒரு பலகையில் வரைந்து, அதில் சிறு துளையிட்டார். பார்ப்பவர் பலகையின் பின்பக்கமிருந்து துளையில் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை விலக்கினால் அதே இடத்தில் உண்மையான மண்டபம். இரண்டும் பொருந்தி நின்றன. 1435இல் லெயோன் பட்டிஸ்டா அல்பெர்ட்டி இந்த முறையை ஓவியம் பற்றிய தன் நூலில் எழுதி வைத்தார். படம் என்பது ஒரு சன்னல், அதன் வழியாக ஒரே இடத்தில் நிற்கும் ஒரு கண் உலகத்தைப் பார்க்கிறது என்பது அவர் தந்த விளக்கம்.

அதிலிருந்து கிடைக்கும் விதிகள் சில. பார்ப்பவரின் கண் உயரத்தில் தாளின் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும், அதுதான் கண்மட்டம். மட்டமாக ஓடி, ஒன்றுக்கொன்று இணையாகப் பின்னோக்கிப் போகும் கோடுகளெல்லாம் அந்தக் கண்மட்டத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும், அது மறைபுள்ளி. கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் கூரை விளிம்பு போகப்போக இறங்கும். கீழே இருக்கும் வாசற்படி போகப்போக ஏறும். செங்குத்தாக நிற்பவை செங்குத்தாகவே நிற்கும். கொழுந்து எடுக்கும் பெண்கள் செடியின் தலையில் மட்டக்கம்பை வைத்து, எந்த உயரத்துக்கு மேல் கிள்ளுவது என்று பார்த்துக்கொள்வார்கள். படத்தில் அந்த வேலையைச் செய்வது கண்மட்டக் கோடு. அதை வைத்த பிறகு எது மேலே, எது கீழே என்ற குழப்பம் வராது.

இந்தக் கண்மட்டத்தைக் கண்ணால் காண இலங்கையில் பூனாகலைப் பக்கத்தைப் போல வசதியான இடங்கள் குறைவு. ஊவா மேட்டுநிலம் தெற்கே சட்டென்று முடிந்து விழும் விளிம்பு இது. அப்புத்தளைக்கு அருகே, 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேத்தன்னைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் லிப்டன் சீட்டில் நின்றாலும், பூனாகலை மலைகளின் தெற்கு முகத்தில் நின்றாலும், கீழே வெல்லவாயச் சமவெளி விரிந்து கிடக்கும். வானம் தெளிந்த நாளில் அதற்கும் அப்பால் கடல் தெரியும். 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் ஏறக்குறைய 138 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் நின்றும் அந்தக் கோடு காலடிக்குக் கீழே போய்விடுவதில்லை. பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக, ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக மட்டும் தாழ்ந்து நிற்கிறது. கையை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. மலை ஏற ஏற அடிவானமும் நம்மோடு ஏறி வரும் என்பதைப் பாடப்புத்தகத்தில் எழுதிப் புரியவைப்பது கடினம். இந்த ஊரில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் போதும்.

அடுத்த பாடம் லயம். நேர்கோட்டில் ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், முன்னால் இஸ்தோப்பு, அதைத் தாங்கும் ஒரே உயரத் தூண்கள், மேலே நீளமாக ஓடும் தகரக் கூரை. ஐரோப்பியப் பாடநூல்கள் பெர்ஸ்பெக்டிவ் சொல்லித்தரத் தூண் மண்டபங்களைத் தேடின. தோட்டத்துப் பிள்ளைக்கு அது வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

தூண்களின் இடைவெளி எப்படிக் குறைந்துகொண்டு போகும் என்பதுதான் பிள்ளைகள் தடுமாறும் இடம். குத்துமதிப்பாகப் போட்டால் லயம் வளைந்தது போலத் தெரியும். அதற்கு எளிய வழி உண்டு. முதல் தூணையும் இரண்டாம் தூணையும் வரைந்துகொள்ள வேண்டும். தூண்களின் உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும். பிறகு முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு போட்டால், அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாம் தூண் நிற்கும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதின் நடு வழியாகப் போட்டால் நான்காவது. இப்படியே கடைசியில் இருக்கும் தொங்கல் வீடு வரைக்கும் போகலாம். லயத்தின் பக்கச் சுவரில் மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டு, வெட்டும் இடத்திலிருந்து நேர்மேலே எழுப்பினால் கூரை முகடு எங்கே வரும் என்பதும் தெரிந்துவிடும். அடிமட்டமும் பென்சிலும் போதும். ஆறாம் தரத்துப் பிள்ளை ஒரே பாடவேளையில் இதைப் பிடித்துக்கொள்ளும். கணித ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு: சாய்கோடு ஏன் சரியான இடத்தில் விழுகிறது என்பது செவ்வகத்தின் மூலைவிட்டப் பாடம்.

சரிவுதான் இந்த ஊருக்கே உரிய பாடம். ஏற்றமாகப் போகும் பாதையின் இரு விளிம்புகள் கண்மட்டத்தில் சேராது. அதற்கு மேலே ஒரு புள்ளியில் சேரும். இறக்கத்தில் போகும் பாதைக்கு மறைபுள்ளி கண்மட்டத்துக்குக் கீழே. ஆனால் அதே பாதையோரம் மட்டமாகக் கட்டிய கட்டடத்தின் கூரை விளிம்பும் அத்திவாரமும் கண்மட்டத்துக்கே போகும். இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் பிள்ளை பாதையோடு சேர்த்து வீட்டையும் சரித்து வரைந்துவிடும். சமவெளியில் வளர்ந்த மாணவருக்கு இது பின்னால் வரும் கடினப் பகுதி. பூனாகலைப் பிள்ளைக்கு இதுதான் தொடக்கம். தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில் நின்று கீழே பார்த்தால் லயத்தின் தகரம் முழுவதும் தெரியும். சுவர் ஒரு கீற்றாகத்தான் தெரியும். கீழ்க்கணக்கில் நின்று மேலே பார்த்தால் சுவரும் கூரையின் ஓரமும் மட்டும். ஒரே கட்டடத்தை இரண்டு இடத்தில் நின்று வரையச் செய்தால், நிற்குமிடம் மாறும்போது படம் எப்படி மாறுகிறது என்பது கைக்கே புரியும்.

வளைவுக்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு உருக்கு இல்லாமல் எழுப்பியது. சுமார் 91 மீட்டர் நீளம். பாலமே வளைந்து போவதால் அதற்கு ஒரே மறைபுள்ளி கிடையாது. ஒவ்வொரு வளைவின் முகமும் சற்றுத் திரும்பி நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி. உலகம் முழுவதிலுமிருந்து வருபவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பதுளை மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரு நாள் அங்கே உட்கார்ந்து வரைந்தால் அது சிறந்த வெளிக்களப் பாடம்.

கோடுகளோடு முடிவதில்லை தூரம். லியோனார்டோ டா வின்சி காற்றின் வழியே தெரியும் தூரத்தைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். தூர மலைகள் வெளிறி நீலமாவதற்குக் காரணம் இடையே இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பது. பூனாகலையில் எதிர் மலை கரும்பச்சை, அதற்கு அடுத்தது சாம்பல் பச்சை, அதற்கும் அப்பால் நீலம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். மூடுபனி இறங்கினால் இந்த அடுக்குகள் கிட்டவே வந்துவிடும். இருபது அடியில் நிற்கும் சவுக்கு மரமே வெளிறிப்போகும். ஒரே கறுப்புப் பென்சிலை அழுத்தியும் தளர்த்தியும் பிடித்தே இதைக் காட்டலாம். வண்ணப்பெட்டி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய சொத்து.

இந்தக் கலை தமிழருக்கு அந்நியமானதும் அல்ல. பள்ளிக்கூடத்துக்கு முன்பே நாடக மேடை வழியாக அது சாதாரண மக்களிடம் வந்துவிட்டது. பார்சி நாடகக் குழுக்களைப் பின்பற்றிய தமிழ்க் கம்பெனிகளின் திரைச்சீலைகளில் தர்பார், தெரு, வனம் எல்லாம் ஆழம் தெரியும்படி வரையப்பட்டன. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898–1976) நாடகத்துக்குத் திரை எழுதிப் பிறகு கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக வீட்டுச் சுவர்களுக்குப் போயின. அந்தப் படங்களில் முருகனுக்குப் பின்னால் போகும் தூண்களும் சதுரக் கல் பாவிய தரையும் பெர்ஸ்பெக்டிவ் கணக்கில் வரைந்தவை.

‘ஆனந்த விகடன்’ இதழில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்த படங்களில் மண்டபத்தின் ஆழத்தை விரலால் தொடலாம் போலிருக்கும். மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் (1936–2022) விழித்திரை நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்த நிலையிலும், மதுரையின் கோபுரங்களையும் சென்னையின் பழைய கட்டடங்களையும் பேனா மையால் நுணுக்கமாக வரைந்தார். ஒரு பார்வையில் கட்டடம் முழுவதும் அகப்படாத கண்ணுக்குக் கணக்கு எவ்வளவு துணை நின்றிருக்கும் என்பதை அந்தப் படங்களைப் பார்த்தே உணரலாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. விதிகளைத் திணித்தால் பிள்ளையின் கற்பனை வறண்டுவிடும் என்பார்கள். இலங்கையில் இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. பிரித்தானியர் கொண்டுவந்த சித்திரப் பாடம் பெரும்பாலும் படத்தைப் பார்த்து அப்படியே வரையும் பயிற்சி. 1920இல் சித்திரப் பரிசோதகராக வந்த சார்ள்ஸ் பிரீகுரோவ் வின்சர் அந்தப் போக்கை மாற்ற முயன்றார். பிள்ளைகள் தம் உள்ளத்தில் இருப்பதை வரையட்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிறகும் வளர்ந்தது. 1943இல் கொழும்பில் உருவான ’43 குழு ஓவியர்கள் மேற்கின் பழைய யதார்த்த முறையை விட்டு வெளியே வந்து பெயர் பெற்றார்கள். கண்டிக் காலத்து விகாரைச் சுவரோவியங்களிலும் தஞ்சைச் சோழர் ஓவியங்களிலும் மறைபுள்ளி கிடையாது. அதனால் அவற்றின் பெருமை ஒரு துளியும் குறையவில்லை.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வயதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை அம்மாவை மலையை விடப் பெரிதாக வரைந்தால் அதைத் திருத்தக் கூடாது. ஒன்பது, பத்து வயதுக்கு மேல் நிலைமை வேறு. கலைக் கல்வி ஆய்வாளர் விக்டர் லோவன்பெல்ட் 1947இல் வெளியிட்ட தன் நூலில், அந்த வயதிலிருந்து பிள்ளைகள் தாம் வரைந்தது உண்மையைப் போல இருக்கிறதா என்று தாமே பார்க்கத் தொடங்குவதை விளக்கினார். ‘எனக்கு வரையத் தெரியாது’ என்று பென்சிலைக் கீழே வைப்பதும் அந்தப் பருவத்தில்தான். அப்போது கையில் ஒரு முறையைக் கொடுத்தால் அந்தப் பிள்ளை தொடர்ந்து வரையும். கொடுக்காவிட்டால் வாழ்நாளுக்கும் நிறுத்திவிடும். விதியை மீறிய ’43 குழு ஓவியர்கள் விதியை அறிந்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இது கூடுதலாக ஏன் தேவை? 1823 முதல் இங்கே வந்து உழைத்த மக்களின் இருநூறு ஆண்டுகளை 2023இல் மலையகம் நினைவுகூர்ந்தது. அந்த நீண்ட காலத்தில் தோட்டத்தின் படம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர் எடுத்த படம். 1890இல் தொடங்கிய பிளாட்டே புகைப்பட நிறுவனம் போன்றவற்றின் அஞ்சலட்டைகளில் கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். பின்னால் தேயிலை விரியும். லயத்து வாசலில் உட்கார்ந்த கண்ணுக்கு மலை எப்படித் தெரிகிறது என்பது அவற்றில் கிடைக்காது. ஹட்டனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே ஊடகமாக்கித் தோட்டப் பெண்களின் வாழ்வைப் படைப்பது போல, உள்ளிருந்து பார்க்கும் கலைஞர்கள் இப்போது வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வருபவர்களுக்குப் பாடசாலை அடித்தளம் போட வேண்டும்.

பிழைப்புக்கும் இது உதவும். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் எடுக்கும் மாணவர் வரைபடத்தோடு மோதாமல் தப்ப முடியாது. மேசன், தச்சர், வெல்டிங் வேலைக்குப் போகிறவருக்கும் அப்படியே. தோட்டங்களில் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி வீடு என்ற திட்டம் வந்த பிறகு, வீட்டு வரைபடம் சாதாரணக் குடும்பத்தின் கைக்கே வருகிறது. தாளில் இருக்கும் கோடு எழும்பி நின்றால் சுவர் எங்கே வரும், குசினிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மனத்தில் காணத் தெரிந்தவர்தான், கட்டுவதற்கு முன்பே ‘இதை மாற்றுங்கள்’ என்று கேட்க முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் இருந்த தமிழ்ப் பாடசாலைகளில் தஞ்சமடைந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மறுபடி மண் சரிந்தது. நிலம் நகர்வதன் அடையாளங்களாக நிபுணர்கள் சொல்பவை: தரையிலும் சுவரிலும் வெடிப்பு, சாயும் மரங்களும் கம்பங்களும், இறுகிப்போகும் கதவு, புதிதாகக் கிளம்பும் ஊற்று. செங்குத்தானவை செங்குத்தாகவே நிற்கும் என்று வரைந்து பழகிய கண்ணுக்கு, சாய்ந்த ஒரு கம்பம் உடனே உறுத்தும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீட்டுக்கு இது மாற்றாகாது. ஆனால் ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு ஆண்டும் அதே சரிவை வரையும் வகுப்பு, தன் மலையைக் கூர்ந்து பார்க்கும் வகுப்பாக இருக்கும். மண்ணுக்குள் போன லயங்களின் வாசலை, முற்றத்தை, படிக்கட்டை நினைவிலிருந்து வரைந்து வைக்கும் வேலையும் அந்த வகுப்புக்கு உண்டு.

செலவு மிகக் குறைவு. அல்பெர்ட்டி சொன்ன சன்னலுக்குக் கண்ணாடி கூட வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோப்பு உறையை ஒரு மட்டைச் சட்டத்தில் ஒட்டி, ஒரு கண்ணை மூடி, அதன் மேல் மார்க்கரால் எதிரே தெரியும் லயத்தின் விளிம்புகளை இழுத்தால் போதும். கோடுகளை நீட்டிப் பார்த்தால் அவை தாமே ஒரு புள்ளியில் கூடும். விதியை ஆசிரியர் சொல்வதற்கு முன்பே பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

பண்டாரவளை வலயக் கல்விப் பணிமனை ஆறாம், ஏழாம் தரங்களுக்கு இதை மூன்று தவணைகளாகப் பிரித்துத் தரலாம். முதல் தவணையில் கண்மட்டமும் பிளாஸ்டிக் சன்னலும். இரண்டாவதில் லயமும் அதன் தூண்களும். மூன்றாவதில் சரிவும் மூடுபனியும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் வருங்கால ஆசிரியர்களுக்கு, எந்தப் பாடத்துக்குப் போனாலும் உதவும்படி இரண்டு நாள் பட்டறை வைக்கலாம். சித்திர ஆசிரியர் இல்லாத பாடசாலையில் கணித ஆசிரியரே முதல் இரண்டு தவணைகளை நடத்த முடியும். ஆண்டு முடிவில் பூனாகலை, கொஸ்லந்தை, அப்புத்தளைப் பாடசாலைகளின் படங்களைப் பண்டாரவளையில் ஒன்றாக மாட்ட வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் பிள்ளையின் பெயரோடு எந்த மலையில், எந்தக் கணக்கில் நின்று வரைந்தது என்றும் எழுத வேண்டும். மாகாண அமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஓர் அதிபரும் ஓர் ஆசிரியரும் ஒப்புக்கொண்டால் வரும் தவணையிலேயே தொடங்கிவிடலாம்.